முடக்குக்குக் கீழே இருபது வீடு

புது வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு நல்ல மழை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டு கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டாள். "அடியே, வந்து பாருங்கடி! இங்க மழை வெளியில பேயுது!"

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பின் முழு ருசியும் தெரியும். அங்கே மழை பெய்தால் பாதி தகரத்தில் விழும், பாதி அடுப்பில் விழும். இங்கே இரண்டு அறை, தனிக் குசினி, தனிக் கக்கூஸ், வாசலுக்கு வாசல் குழாய். இந்தப் பக்கம் நான் இருமினால் அந்தப் பக்கத்தில் இருந்து "என்னா காய்ச்சலா?" என்று ஒரு குரல் வராது. முதல் சில நாட்கள் அந்தக் குரல் வராதது எனக்குக் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது.

எண்பதாம் வருடத்தை ஒட்டிய காலம் அது. தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தலவாக்கலையில் இருந்து அக்கரப்பத்தனைக்கு ஏறுகிற பெரிய ரோட்டுக்குக் கீழே, பழைய நாற்றுமேடை இருந்த சமதரையில், எங்கள் தோட்டத்தில் இருபது தனி வீடு கட்டினார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் வீட்டுக்காரர் பெயர் விழுந்தது. அவர் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு மட்டும் பார்த்தவர்களிடம் எல்லாம் நின்று பேசினார். அவரும் நானும் எங்கள் எட்டு மாதப் பெண் குழந்தையும், அவருடைய அக்காவுமாக நான்கு பேர் அந்த வீட்டில் ஏறினோம். அவர் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்து தம்பியோடு வந்துவிட்டவர். தோட்டத்தில் அவர் அளவுக்குக் கொழுந்து பறிக்க ஆள் கிடையாது. அவர் நாக்கும் கை மாதிரியே வேகம்.

வீடு கட்டினவர்கள் தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், தண்ணீர் வருமா என்று பார்த்தார்கள். நாங்கள் போகவேண்டிய இடமெல்லாம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பெரட்டுக்களம் ரோட்டுக்கு மேலே. காலையில் எல்லோரும் கூடி, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு இன்ன மலைக்குப் போ என்று அனுப்புகிற இடம் அதுதான். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவும் மேலே. தேயிலை மலை மேலே, தொழிற்சாலை மேலே, கோயில்கூட மேலே. லயத்தில் இருந்தவரை அந்தத் தார் ரோட்டைத் தீபாவளிக்குத் துணி வாங்கப் பஸ் ஏறுகிறபோதுதான் நாங்கள் மிதித்தோம். இப்போது தினமும் விடிந்தால் ஒருதரம், பொழுது சாய்ந்தால் ஒருதரம்.

அதுவும் நேராகக் கடந்துவிட்டுப் போகிற வேலை இல்லை. வீடுகளில் இருந்து படி ஏறி ரோட்டுக்கு வந்தால், தோட்டத்து ரோட்டு பிரிகிற இடம் இன்னும் எழுபது எண்பது அடி தள்ளி இருந்தது. இடையில் ஒரு முடக்கு. மலை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, ரோட்டு அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு அந்தப் பக்கம் வருவது யானையானாலும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ரோட்டுக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். அரசாங்க பஸ்ஸோடு தனியார் பஸ்களும் சேர்ந்து ஓடத் தொடங்கியிருந்தன. கோவா, கிழங்கு என்று காய்கறி ஏற்றிக்கொண்டு லொறிகள் வேறு. பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள்: "இது ரோட்டு இல்லடி, ஆறு. ஆத்துலயாவது தண்ணி வர்ற சத்தம் முன்னாடியே கேக்கும்."

எங்களுக்கு வண்டி என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. கொழுந்து லொறிக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்து ரோட்டில் ஹோர்ன் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நடக்கப் பழகுகிறபோதே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: மேட்டுப் பக்கம் ஒதுங்கு. பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் மண் சரியும், கால் வழுக்கும், கீழே செடிக்குள் உருளுவாய். மேட்டுப் பக்கம் போய், முதுகைத் திருப்பி, கூடையை மேட்டில் சாய்த்து நின்றுவிட வேண்டும். கூடைக் கயிறு நெற்றியில் இழுத்துப் பிடித்திருக்கும்போது கழுத்து திரும்பாது. கண் செய்கிற வேலையைக் காதுதான் செய்யும். அதனால் சத்தம் கேட்டதும் கால் தானாக மேட்டுக்குப் போய்விடும். லொறி தாண்டும்வரை கூடையின் பாரம் மேட்டில் இருக்கும், கழுத்துக்கும் ஒரு நிமிடம் ஓய்வு. கொழுந்து லொறிக்காரனும் எங்கள் ஆள். ஒரு கிழவி நின்றால்கூட வண்டியை நிறுத்தி, "மெதுவா வாங்க ஆயி" என்பான்.

அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் அப்படியே தார் ரோட்டுக்கும் கொண்டுபோனோம்.

குடிவந்து இரண்டாவது மாதம், சாயங்காலம், பக்கத்து வீட்டுக்காரி கூடை நிறையக் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, மிளாரை அடைத்துக்கொண்டு அடுப்புக்காக இறங்கி வந்தாள். நாங்கள் நாலைந்து பேர் பின்னால் வந்துகொண்டிருந்தோம். முடக்கில் ஹோர்ன் கேட்டது. முன்னால் போனவள் மேட்டில் கூடையைச் சாய்த்தாள். பஸ் நிதானமாகத்தான் வந்தது. அவளைத் தாண்டிப் போகிறதைக் கண்ணால் பார்த்தேன். முன்பக்கம் அவளைத் தாண்டி ஒரு முழம் தள்ளியே போனது. அதற்குப் பிறகு மிளார் முறிகிற சத்தம் கேட்டது. பஸ் போன பிறகு பார்த்தால் அவள் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தாள். கூடை தட்டையாக, முறம் மாதிரி, ரோட்டில் கிடந்தது.

தோள்பட்டை இறங்கிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பார்க்கப் போன என்னிடம், "ஊருல எல்லாரும் பஸ்ஸு ஏறிப் போவாங்க. என்னைய பஸ்ஸு ஏறிப் போச்சுடி" என்று சிரித்தாள். சிரிக்கும்போது தோள் வலித்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து குழந்தையை மடியில் போட்டபோது அந்த மேடுதான் கண் முன்னால் வந்தது. தினமும் காலையில் நான் வெறுங்கூடையை முதுகில் கட்டி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, அதே மேட்டில்தான் ஒதுங்கி நிற்கிறேன்.

மறுநாள் பெரட்டில் பெண்கள் எல்லோரும் கண்டாக்கைச் சூழ்ந்துகொண்டார்கள். கணக்கப்பிள்ளைகளுக்கு மேலே, தோட்டத்துத் தொரைக்குக் கீழே இருந்து மலை வேலையை மேற்பார்ப்பவர் அவர். மதினிதான் முதலில் பேசினார்.

"ஐயா, எங்கள வீடு குடுத்துக் கொல்லப் போறீங்களா?"

"ரோட்டு தோட்டத்துது இல்லம்மா. அரசாங்கத்து ரோட்டு. நான் என்னா செய்ய?"

"தோட்டமும் அரசாங்கத்துதுதானேங்க? ரெண்டு அரசாங்கமும் பேசிக்கிறது இல்லீங்களா?"

கண்டாக்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதிப் போடுகிறேன் என்றார். நாலைந்து வாரம் கழித்து முடக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பலகை வந்தது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மெதுவாகப் போகச் சொல்லியிருந்தது. மதினி அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, "பஸ்ஸுக்கு எழுதி வச்சிருக்கானுங்க. பஸ் படிச்சுப் பாத்துட்டு நிக்கும்" என்றார்.

எல்லோருக்கும் டிரைவர்கள் மேல்தான் கோபம். எனக்கும்தான். ஆனால் ஒன்று மட்டும் மனதில் முள்ளாக நின்றது. பஸ் அவளைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேனே? தாண்டிப் போன பஸ் எப்படி அடிக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து நிமிர்ந்தால் முடக்கு முழுவதும் தெரியும். பஸ் ஒன்று ஏறி வந்தது. வேலையை விட்டுவிட்டுப் பார்த்தேன். பஸ்ஸின் மூக்கு மேட்டைவிட்டு நன்றாக விலகி வளைந்தது. ஆனால் வால் அந்த வழியில் போகவில்லை. அது மேட்டை ஒட்டி, சுவரில் முதுகைத் தேய்க்கிற மாடு மாதிரி, உராய்கிற அளவுக்கு உள்ளே வந்து போனது. அடுத்த பஸ்ஸும் அப்படியே. அதற்கடுத்த லொறியும் அப்படியே.

குழந்தையை மதினியிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடினேன். மேட்டில் பாசி எங்கும் பச்சையாகப் படர்ந்திருந்தது. இடுப்பு உயரத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பாசி இல்லை. மண் வழித்து எடுத்தது போல் இருந்தது. நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லில் சிவப்புச் சாயம் தேய்ந்து ஒட்டியிருந்தது. நாங்கள் தினமும் கூடையைச் சாய்த்துப் பாரம் இறக்கிய இடம் அதுதான். மேட்டில் இருந்து கூடை ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் முன்னால் ஆள்.

வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். கல்லைத் தடவிப் பார்த்தார். "நீளமான வண்டி. முன்சில்லு போன வழியில பின்சில்லு போகாது" என்றார். பிறகு கீழே எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். விட்டுவிட வேண்டிவருமோ என்கிற அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தால் இதே பேச்சுத்தான். பள்ளத்துப் பக்கம் இரண்டடிப் புல்தரை இருக்கிறது. படியேறி வந்ததும் ரோட்டைக் கடக்காமல் அந்தப் புல்லிலேயே நடந்து, முடக்கைத் தாண்டி, இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் கடக்கலாம். ஹோர்ன் கேட்டால் மேட்டுக்குப் போகக்கூடாது. வாசலில் சொன்னேன், மலையில் நிரையில் நின்று சொன்னேன், கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் வரிசையில் நின்றும் சொன்னேன்.

"பள்ளத்துப் பக்கம் ஒதுங்கச் சொல்றியா? ஏன், ஒரேயடியா ஆத்துல குதிக்கச் சொல்லேன்" என்றாள் ஒருத்தி.

"இவ நேத்து வந்தவ. ஏழு வயசுல இருந்து கூட கட்டுறேன் நான். மேடு யாரையும் தள்ளிவிட்டதில்ல" என்றார் மதினி.

"மேடு தள்ளல மதினி. மேட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல நாமதான் போயி நிக்கிறோம்."

"போ புள்ள. போஞ்சிக்குக் கம்பு நடப் போனவ, பஸ்ஸுக்குப் படிச்சுட்டு வந்துட்டா!"

ஆனாலும் நான்கைந்து பேர் புல்லில் நடக்க ஆரம்பித்தார்கள். மதினியும் நான் முன்னால் போனால் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருவார். எனக்குள்ளே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பெருமையோடு போன ஒரு காலையில் பனிமூட்டம் ரோட்டுவரை இறங்கியிருந்தது. தூறல் வேறு. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. கூடைக்கு மேல் மழைக்குப் போர்த்துகிற கொங்காணியை இழுத்துப் போட்டு, அதற்குள் குழந்தையை அணைத்துக்கொண்டு புல்லில் நடந்தேன். மதினி எனக்குப் பின்னால். முடக்கின் நடுவில் திடீரென்று மிகப் பக்கத்தில் ஹோர்ன் அடித்தது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அதுதான் உண்மை. யோசித்திருந்தால் நின்ற இடத்திலேயே நின்றிருப்பேன். என் கால் என்னைக் கேட்காமல் ரோட்டைக் குறுக்கே கடந்து மேட்டுக்குப் போனது. முதுகு திரும்பியது. கூடை மண்ணில் சாய்ந்ததை உணர்ந்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது. பனிக்குள் இருந்து பஸ்ஸின் விளக்கு வந்துவிட்டது. திரும்பிக் கடக்க வழியில்லை. குழந்தை என் கழுத்தோரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"கூடைய கழட்டு! கூடைய கழட்டுடி!" மறு பக்கத்தில் இருந்து மதினி கத்தினார். அடிவயிற்றில் இருந்து வந்த கத்தல். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல் அது. எனக்குக் கேட்டதோ இல்லையோ, டிரைவருக்குக் கேட்டுவிட்டது. பஸ்ஸின் மூக்கு என்னைத் தாண்டி வளையத் தொடங்கிய நேரத்தில் பிரேக் பிடித்தான். வண்டி முழுவதும் குலுங்கி நின்றது. ஈரத் தகரம் என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இன்னும் இரண்டு சுற்று சில்லு உருண்டிருந்தால்...

டிரைவர் இறங்கி வந்தார். நடுவயதுச் சிங்கள மனிதர். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நங்கி, பய வென்ட எப்பா" என்றார், தங்கச்சி பயப்படாதே என்று. பிறகு அரைத் தமிழில், "நீங்க எல்லாம் ஏன் இங்க நிக்கிறது? எனக்கு முன்னுக்கு தெரியும். பின்னுக்கு தெரியாது. தினம் இந்த வங்குவ, இந்த முடக்கு வந்தா எனக்கு நெஞ்சு அடிக்கிறது" என்றார். எங்களைப் பார்த்து அவர்களும் பயந்துகொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மதினி ரோட்டைக் கடந்து வந்து முதலில் குழந்தையைப் பிடுங்கினார். பிறகு என்னைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சொன்னவள் நீதானே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கூடைக் கயிற்றை என் நெற்றியில் இருந்து அவரே கழற்றினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு இந்த வீடு வேணாங்க. லயத்துக்கே போயிடுவோம்."

"நம்ம பழைய காம்பரால வேற குடும்பம் வந்துருச்சு."

"அவங்களோட ஒண்டிக்குவோம். மழை அடுப்புல பேஞ்சாலும் பரவாயில்ல."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். அந்தச் சிமெந்துத் தரையை அவரே இரண்டு ஞாயிறு சிவப்புச் சாயம் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். "நீ சொல்லிச் சொல்லி நடந்துக்கிட்டா பழகிடாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சினார்.

"என் காலை என்னாலயே நம்ப முடியலைங்க" என்றேன். "எல்லாம் தெரிஞ்சவ நான். தெரிஞ்சும் கையில புள்ளையோட அங்கதான் போயி நின்னேன்."

அடுப்படியில் இருந்து மதினியின் குரல் வந்தது. "வீட்டையும் விட வேணாம், காலையும் நம்ப வேணாம். புள்ள ரோட்டுக்குப் போகாட்டி சரிதானே? நாளையில இருந்து நான் மலைக்குப் போகல. நான் வச்சுக்கிறேன்."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மதினி மலைக்குப் போகாமல் இருப்பதாவது. காய்ச்சலில்கூடக் கூடை கட்டிய மனுஷி. நிறுவையில் மற்ற பெண்கள் எல்லாம் அவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் கூடையை இறக்குவார்கள்.

"உங்களுக்கு அது முடியாது மதினி" என்றேன்.

"இருபது வருஷமா செடிய நுள்ளினேன். இனி ரெண்டு நாளைக்குப் புள்ளைங்களைக் கிள்ளுறேன், போ."

காலையில் விஷயம் பரவிவிட்டது. எங்கள் வாசலுக்கு ஐந்து குழந்தைகள் வந்து சேர்ந்தன. கணக்கப்பிள்ளை வந்து சத்தம் போட்டார். பிள்ளைக்காம்பரா என்று ஒன்று மேலே இருக்கும்போது, பிள்ளை பார்க்க ஆயம்மா ஒருத்தி இருக்கும்போது, இதெல்லாம் சட்டத்தில் இல்லை என்றார். "சட்டத்தை முடக்குல கொண்டுபோயி நிப்பாட்டுங்க. நாங்க அப்புறம் வந்து பாக்கிறோம்" என்றார் மதினி, இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாக. கண்டாக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். தொரையிடம் என்ன சொன்னாரோ தெரியாது, யாரும் தடுக்கவில்லை. யாரும் அனுமதி கொடுக்கவும் இல்லை.

அதில் ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் முதலில் யோசிக்கவில்லை. பிள்ளைக்காம்பரா மலைக்குப் பக்கத்தில் இருந்தது. பகலில் பால் கொடுக்க ரோட்டுப் பக்கமே வராமல் போய்வந்துவிடலாம். இப்போது பிள்ளை கீழே. பால் கொடுக்கிற தாய்மார் பகலிலும் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். இரண்டுதரம் கடந்த இடத்தை இனி நான்குதரம் கடக்க வேண்டும்.

முதல் நாள் பகல் நிறுவை முடிந்ததும் கூடையை மடுவத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினேன். மார் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. தோட்டத்து ரோட்டின் முனையில், இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நின்று பார்த்து, கடந்து புல்லுக்கு வந்தேன். முடக்கில் நடந்துகொண்டிருக்கும்போது ஹோர்ன் கேட்டது. இரண்டு கையாலும் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, கால் விரலைப் புல்லில் ஊன்றி நின்றேன். என் கால் போகப் பார்த்தது, சத்தியமாகப் போகப் பார்த்தது. பஸ் வந்தது. மூக்கு விலகியது, வால் மேட்டைத் தேய்த்தது, கொஞ்சம் மண் உதிர்ந்தது. போய்விட்டது. கையில் குழந்தை இல்லை என்பதை அப்போதுதான் ஆறுதலாக நினைத்தேன். பிறகு, எனக்கு ஏதாவது ஆனால் அந்தப் பால் யாருக்கு என்று நினைத்தேன். இரண்டு நினைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எது பெரியது என்று தெரியாமலே படி இறங்கினேன்.

மதினி வாசலில் உட்கார்ந்து காலை நீட்டி ஒரு குழந்தையைக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அவர் சேலையைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஹோர்ன் கேட்டிச்சே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமா மதினி."

"எங்க நின்ன?"

"பள்ளத்துப் பக்கம்."

"ம்" என்றார். "உக்காரு. புள்ள காலையில இருந்து வாசலையே பாக்குது. சுருக்கா குடுத்துட்டுப் போ. பெறகு நேரமாச்சுன்னு அந்த முடக்குல ஓடாத."

குழந்தை பால் குடிக்கிற நேரம் முழுவதும் மேலே போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மதினியும் எண்ணிக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது.